கலர்ல பார்த்த கன்னியாஸ்திரீ படம்: நீங்கள் தேடுவது இதுதான்

வணக்கம் சகோ. கன்னியாஸ்திரீகள், ஒரு கறுப்பின வேலைக்காரர், கிறிஸ்துமஸ், குழந்தைகள், எல்லாம் கலரில் பார்த்த ஞாபகம். ஆனால் தேடினால் சிட்னி பாய்ட்டியர் நடித்த கறுப்பு வெள்ளைப் படமே வருகிறது என்று எழுதியிருந்தீர்கள். உங்கள் ஞாபகம் சரிதான். பாய்ட்டியர் நடித்தது 1963இல் வந்த முதல் படம், 'லிலீஸ் ஆஃப் தி ஃபீல்ட்'. நீங்கள் பார்த்தது அதன் தொடர்ச்சியாக 1979இல் அமெரிக்காவின் என்பிசி தொலைக்காட்சி ஒளிபரப்பிய தொலைக்காட்சிப் படம், 'கிறிஸ்மஸ் லிலீஸ் ஆஃப் தி ஃபீல்ட்'. நீங்கள் சொன்ன அந்த வேலைக்காரர் ஹோமர் ஸ்மித்தாக பில்லி டீ வில்லியம்ஸ், கன்னியாஸ்திரீகளின் தலைவி மதர் மரியாவாக மரியா ஷெல். இரண்டுக்கும் இயக்குநர் ரால்ஃப் நெல்சன்தான். தான் கட்டிய சிற்றாலயத்தைப் பார்க்கத் திரும்பி வருகிறவரை, ஆதரவற்ற பிள்ளைகளுக்கும் ஒரு கட்டடம் எழுப்பச் சொல்லி மதர் மடக்கிப் பிடிப்பார். நடிகர் பெயரையும் ஆண்டையும் சேர்த்துத் தேடுங்கள், கிடைக்கும்.

முதல் படத்தையும் விட்டுவிடாதீர்கள். பாய்ட்டியருக்கு ஆஸ்கர் வாங்கித் தந்த படம் அது. உழைத்துக் களைத்த ஆளுக்குக் காலை உணவாக ஒற்றை முட்டையை வைப்பார்கள். அதைப் பார்க்கும் அவர் முகம்! கடைசியில் 'ஆமென்' பாட்டைத் தொடங்கிவிட்டு, கன்னியாஸ்திரீகள் பாடிக்கொண்டிருக்கும்போதே சத்தமில்லாமல் வண்டியேறிப் போவார். எத்தனை முறை பார்த்தாலும் எனக்குத் தொண்டை அடைக்கும்.