சொந்த கேம்பேட் கொண்டு வாருங்கள்: ஃபைட்டிங் கேம் ஆட்டக்காரரிடம் கேள்வி பதில்

பெங்களூரு அல்சூரில் ஒரு மாடி அறையில் மாதம் இரண்டு ஞாயிறு டெக்கன் (Tekken), ஸ்ட்ரீட் ஃபைட்டர் என்று இருவர் மோதும் வீடியோ கேம்களை ஆடுகிறோம். முப்பது பேர் வருவார்கள், பாதிக்கு மேல் தமிழ் ஆட்கள். நான் பதினாறு வருடமாக ஆடுகிறேன். அதில் மூன்று வருடம் ஒரு அணியில் சம்பளம் வாங்கி ஆடினேன். இப்போது பகலில் சாஃப்ட்வேர் டெஸ்டிங், இரவில் பயிற்சி. புரோ ஆட்டக்காரர் வாழ்க்கை எப்படி என்று ஆளாளுக்குக் கேட்டதால், கேள்விகளைத் துண்டுச் சீட்டில் எழுதித் தரச் சொன்னேன். ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்தால் ஒன்றாக்கிவிட்டேன்.

லிங்கராஜபுரம், பி.யூ.சி. மாணவர்: விரல் வேகம் இருந்தால்தானே ஜெயிக்க முடியும்? எனக்கு விரல் மெதுவாகத்தான் போகும்.

பயப்படாதே தம்பி, இது விரலை விடக் கணக்கு சம்பந்தப்பட்ட விஷயம். இந்த ஆட்டங்கள் நொடிக்கு 60 ஃபிரேம், அதாவது 60 படம், ஓடுகின்றன. டெக்கனில் சாதாரண ஜாப் குத்து 10 ஃபிரேமில் வந்து விழும். கண்ணால் பார்த்து விரலை அசைக்க நல்ல ஆளுக்கே 12, 13 ஃபிரேம் ஆகும், என் வயதில் இன்னும் கூட. ஆக, ஜாப்பைப் பார்த்துத் தடுக்க யாராலும் முடியாது. அது வரப்போகும் இடம் தெரிந்து முன்னாலேயே பிளாக்கில் இருப்பார்கள், அவ்வளவுதான்.

இன்னொன்று சொல்கிறேன். எதிராளி ஒரு பெரிய அடியை வீசுகிறார், நீ தடுத்துவிட்டாய். ஃபிரேம் டேட்டாவில் (எந்த அடிக்கு எத்தனை ஃபிரேம் என்ற பட்டியல்) அதற்கு மைனஸ் 15 என்று போட்டிருந்தால், நீ அசைய ஆரம்பித்து 15 ஃபிரேம் கழித்துத்தான் அவரால் அசைய முடியும். உன்னிடம் 15 ஃபிரேமில் ஆளை மேலே தூக்கும் அடி இருந்தால் அது விழுந்தே தீரும், அவர் உலக சாம்பியனாகவே இருந்தாலும் சரி. எந்த அடிக்கு எந்தப் பதிலடி என்று நூற்றுக்கணக்கில் மனப்பாடம் இருக்க வேண்டும். ஆட்டத்துக்குள் இருக்கும் பயிற்சி அறையில் பொம்மையை ஒரே அடியை அடிக்க வைத்து, நான் ஒரே பதிலடியை இருநூறு தடவை போடுவேன். பார்க்கிறவர்களுக்குத் தூக்கம் வரும். புரோ வாழ்க்கையில் பெரும்பகுதி அதுதான்.

விவேக் நகர், ஒரு அம்மா: பையன் இன்ஜினியரிங் மூன்றாம் வருடம். நிறுத்திவிட்டு முழுநேரமாக இதில் இறங்குகிறேன் என்கிறான். சம்பாத்தியம் உண்டா?

உச்சியில் உண்டு அம்மா. 2024-இல் ஸ்ட்ரீட் ஃபைட்டர் உலகப் போட்டியான கேப்காம் கப்பின் முதல் பரிசு 10 லட்சம் டாலர், தைவானைச் சேர்ந்த உமா என்ற ஆட்டக்காரர் ஜெயித்தார். உங்கள் பையன் அந்த வீடியோவைத்தான் உங்களிடம் காட்டியிருப்பான்.

எங்கள் அறைக் கணக்கையும் கேளுங்கள். 32 பேர், தலைக்கு 300 ரூபாய், மொத்தம் 9,600. அறை வாடகை, டி.வி. வாடகை 4,000 போய்விடும். மீதியில் பாதி முதல் ஆளுக்கு, அதாவது 2,800. ஃபைட்டிங் கேம்களுக்கென்றே நடக்கும் எவோ போன்ற பெரிய போட்டிகளிலும் பரிசுத் தொகை பெரும்பாலும் நுழைவுக் கட்டணத்தில் சேர்ந்ததுதான். 2023-இல் லாஸ் வேகாஸ் எவோவில் ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6-க்கு மட்டும் 7,000 பேருக்கு மேல் ஆடினார்கள். ஜெயித்தவர் ஒருவர், ஆங்ரிபேர்ட் என்று எமிரேட்ஸ்காரர். சொந்தச் செலவில் போன மற்றவர்கள் டிக்கெட், ஓட்டல், சாப்பாட்டுச் செலவோடு வீடு திரும்பியவர்கள்.

புரோக்களை வாழவைப்பது அணிச் சம்பளம், ஸ்பான்சர், ஸ்ட்ரீமிங், பயிற்சி வகுப்பு. இந்தியாவில் அந்தப் பணம் பெரும்பாலும் மொபைல் ஆட்டங்களுக்குப் போகிறது. எனக்கு அணி கொடுத்தது மாதம் 18,000. கடைசி நான்கு மாதம் அதுவும் வரவில்லை. பெயர் வேண்டாம், கேட்டுக் கேட்டு நானே விட்டுவிட்டேன். டோக்கிடோ என்று ஒரு ஜப்பான்காரர், டோக்கியோ பல்கலைக்கழகத்தில் பட்டம் வாங்கியவர், 2017-இல் எவோ ஜெயித்தார். படிப்பும் ஆட்டமும் ஒரே ஆளிடம் இருக்கலாம் என்று பையனிடம் சொல்லுங்கள். டிகிரியை முடிக்கட்டும் அம்மா. ஞாயிற்றுக்கிழமை மட்டும் அனுப்பிவையுங்கள், மற்றதை இங்கே தோற்றுத் தோற்று அவனே தெரிந்துகொள்வான்.

பையப்பனஹள்ளி, ஆட்டோ ஓட்டுநர்: டைகோ டைகோ என்கிறீர்களே, யார் அவர்?

டைகோ உமேஹாரா, 1981-இல் பிறந்த ஜப்பான்காரர். 2004 எவோ போட்டியில் ஸ்ட்ரீட் ஃபைட்டர் 3 மூன்றாம் ஸ்ட்ரைக் என்ற ஆட்டம். எதிரில் அமெரிக்காவின் ஜஸ்டின் வோங், சுன்-லி என்ற பாத்திரத்தோடு. டைகோ எடுத்த கென் பாத்திரத்துக்கு உயிர் நூலளவு. சுன்-லியின் சூப்பரை, அடுக்கடுக்காக அடி விழும் பெரிய தாக்குதலை, வோங் விடுகிறார். சாதாரணமாக பிளாக் செய்தாலே, தடுத்தும் கொஞ்சம் உயிர் குறையும் சில்லுச் சேதத்தில் கென் செத்துவிடும். ஒரே வழி, ஒவ்வொரு அடியும் வந்து படும் அந்த நொடியில் லீவரை முன்னால் தட்டி பாரி செய்வது, அதாவது சேதமே இல்லாமல் அடியைத் தட்டிவிடுவது. பின்னால் போக வேண்டிய நேரத்தில் முன்னால் தட்டுகிறார், கவனியுங்கள். 15 அடி, ஒன்றுகூடத் தப்பவில்லை, கடைசி அடியை அந்தரத்தில் பாரி செய்து இறங்கி, திருப்பி அடித்து முடித்தார். அறையே கத்தியது. இன்றைக்கும் அந்த வீடியோவில் ஆட்டத்தின் ஓசையை விடக் கூட்டத்தின் ஓசைதான் அதிகம்.

பலருக்குத் தெரியாத விஷயம், அது லூசர்ஸ் ஃபைனல், ஒரு முறை தோற்றவர்கள் பிரிவின் இறுதி. அடுத்து வந்த கிராண்ட் ஃபைனலில் டைகோ தோற்றார். அப்புறம் சில ஆண்டுகளில் ஆட்டத்தையே விட்டு மாஜோங் என்ற வேறு ஆட்டத்தில் இறங்கினார், அதையும் விட்டு முதியோரைப் பராமரிக்கும் வேலைக்குப் போனார். 2008-இல் ஸ்ட்ரீட் ஃபைட்டர் 4 வந்த பிறகு ஆர்கேடுக்கு (காசு போட்டு ஆடும் கேம் கூடம்) திரும்பி, 2009, 2010 இரண்டு எவோவும் ஜெயித்தார். ஸ்பான்சர் கிடைத்தது 2010-இல். உலகமே பார்த்த அந்த 15 அடிக்கும் முதல் ஒப்பந்தத்துக்கும் நடுவில் ஆறு வருடம். எனக்கு அந்த வீடியோவை விட இந்த ஆறு வருடம்தான் பிடிக்கும்.

ஃபிரேசர் டவுன், இருவர்: பாகிஸ்தான் ஆட்கள் மட்டும் டெக்கனில் எப்படி இத்தனை பலம்? நமக்கு ஏன் வரவில்லை?

லாகூர் அர்ஸ்லான் ஆஷைச் சொல்கிறீர்கள். 2019 தொடக்கத்தில் விசாவிலும் விமானத்திலும் அலைக்கழிந்து ஜப்பான் போய்ச் சேர்ந்து எவோ ஜப்பானை ஜெயித்தார். அதே ஆண்டு லாஸ் வேகாஸிலும். பிறகு 2023, 2024, 2025 என்று தொடர்ந்து வேகாஸ் பட்டம். முதல் தடவை ஜெயித்தபோதே, என் ஊரில் இன்னும் பலமான ஆட்கள் இருக்கிறார்கள் என்றார். யாரும் நம்பவில்லை. கொரியாவின் "நீ" (Knee) என்ற ஆட்டக்காரர், டெக்கனில் பெரிய பெயர், நேரிலேயே பாகிஸ்தான் போய்ப் பார்த்தார். அங்கே பெயர் தெரியாத ஆட்களிடம் தோற்றார். 2025 எவோ இறுதியில் அர்ஸ்லானை எதிர்த்து ஆடிய அதிஃபும் பாகிஸ்தான்காரர்தான்.

அங்கே ஆர்கேடுகள் இருந்தன, ஒரே அறையில் நாள் முழுக்க உட்கார்ந்து ஆடினார்கள். தோற்றவன் காசு போட வேண்டும் என்றால் தோல்வி உறைக்கும். நமக்கும் இருந்தது. சிவாஜி நகர்ப் பக்கம் ஒரு பார்லரில் கிங் ஆஃப் ஃபைட்டர்ஸ் 97-க்கு காயின் வைத்து வரிசையில் நின்றிருக்கிறேன். இயோரி என்ற பாத்திரத்தை எடுத்தவனை எல்லோரும் திட்டுவோம், முறை வந்தால் எல்லோரும் இயோரியையே எடுப்போம். அப்புறம் வாடகை ஏறியது, பார்லர் போய் மொபைல் கவர் கடை வந்தது. ஆன்லைனில் தோற்றால் வெளியே வந்துவிடலாம். அறையில் தோற்றால் ஜெயித்தவன் பக்கத்தில் இருக்கிறான், "எங்கே தப்பு பண்ணினேன் மச்சா?" என்று கேட்கலாம். சொல்லாமல் போகிறவனை நான் இதுவரை பார்த்ததில்லை. அல்சூர் அறைக்கு நான் கைக்காசு போடுவது இதனால்தான்.

ஒயிட்ஃபீல்ட், ஐ.டி. ஊழியர்: எனக்கு 34. காலம் கடந்துவிட்டதா?

ஹாங்சோ ஆசிய விளையாட்டில் ஸ்ட்ரீட் ஃபைட்டர் 5 தங்கம் வாங்கிய கொரியாவின் கிம் குவான்-வூவுக்கு அப்போது வயது 44. அதே போட்டியில் நம் நாட்டுக்காக அயன் பிஸ்வாசும் மயங்க் பிரஜாபதியும் ஆடினார்கள். வயதைப் பற்றிக் கவலைப்படாதீர்கள், மணிக்கட்டைப் பற்றிக் கவலைப்படுங்கள். முக்கால் மணிக்கு ஒரு தடவை எழுந்து கையை உதறுங்கள். கட்டை விரல் பக்கம் வலி இரண்டு வாரம் தாண்டினால் யூடியூபில் தேடாமல் எலும்பு டாக்டரைப் பாருங்கள். நான் பார்க்காமல் விட்டு ஐந்து மாதம் ஆடாமல் உட்கார்ந்தேன்.

பலர்: பேட், ஸ்டிக், லெவர்லெஸ், எது வாங்கலாம்?

கையில் இருக்கும் பேட், கன்சோலோடு வரும் அந்தக் கைக்கருவி, போதும். ஸ்டிக் என்பது ஆர்கேடில் இருப்பது போல லெவர் வைத்த பெட்டி. உலகப் போட்டிகளைப் பேடில் ஜெயித்தவர்கள் நிறைய. லெவருக்குப் பதில் நான்கு திசைக்கும் பட்டன் வைத்த லெவர்லெஸ் இப்போது எங்கும் பரவியிருக்கிறது, விரலுக்கு வேலை குறைவு என்பது உண்மை. வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் சுங்க வரி கண்ணைக் கட்டும். எஸ்.பி. ரோட்டு எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் ராஸ்பெரி பை பிகோ என்ற சின்ன சர்க்யூட் போர்டு, பட்டன், வயர் வாங்கி, இலவசமாகக் கிடைக்கும் ஜி.பி.2040-சி.இ. ஃபர்ம்வேரை (போர்டை இயக்கும் மென்பொருள்) போட்டு நாங்கள் நாலு பேர் சொந்தமாகச் செய்திருக்கிறோம். என்னுடைய முதல் பெட்டி ஒரு டிபன் டப்பா. பி.சி.யில் ஓடும், பி.எஸ். 5-இல் அப்படியே செருகினால் ஓடாது, அதைத் தெரிந்துகொண்டு இறங்குங்கள்.

எஜிபுரா, கல்லூரி மாணவர்: ஆன்லைனில் லேக் அடிக்கிறது, ஆட்டம் தாமதமாகிறது, என்ன செய்ய?

முதலில் வைஃபையை நிறுத்தி லேன் வயர் போடு. இப்போதைய ஆட்டங்களில் ரோல்பேக் இருக்கிறது. எதிராளி என்ன அழுத்துவார் என்று ஊகித்து ஆட்டத்தை ஓட்டிவிடும், ஊகம் தப்பினால் சில ஃபிரேம் பின்னால் போய்த் திருத்திக்கொள்ளும். எவோவைத் தொடங்கியவர்களில் ஒருவரான டோனி கேனன்தான் இதைப் பரவலாக்கிய ஜி.ஜி.பி.ஓ. மென்பொருளை எழுதியவர். சென்னை ஆட்களோடு ஆடுவது பக்கத்து அறை போல இருக்கும். ஆனால் வைஃபை துடித்தால் எந்த ஊகமும் காப்பாற்றாது.

பெயர் எழுதாத ஒரு பெண்: நான் மட்டும் தனியாக வந்தால் சங்கடமாக இருக்குமா?

முதல் நாள் எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள், அதைப் பொய் சொல்லி மறைக்க மாட்டேன். இப்போது ஐந்து பெண்கள் தவறாமல் வருகிறார்கள், அதில் ஒருவரிடம் நான் இந்த வருடம் ஒரு செட் கூட எடுக்கவில்லை. காலை பதினொன்றுக்குத் தொடங்கி ஆறுக்கு முடிப்போம், மெட்ரோவிலிருந்து நடக்கும் தூரம். வாய் தவறிப் பேசிய இருவரை ஏற்கெனவே வெளியே அனுப்பியிருக்கிறோம்.

முர்பி டவுன், ஒரு அப்பா: ஆன்லைன் விளையாட்டு பற்றிய 2025 சட்டத்துக்குப் பிறகு நீங்கள் காசு வாங்கிப் போட்டி நடத்தலாமா? சூதாட்டம் ஆகாதா?

நல்ல கேள்வி சார். அந்தச் சட்டம் தடை செய்தது பணம் கட்டிப் பணம் எடுக்கும் ஆன்லைன் ஆட்டங்களை. இ-ஸ்போர்ட்ஸை அது தனியாக அங்கீகரிக்கிறது, போட்டியில் நுழையவும் நிர்வாகச் செலவுக்கும் கட்டணம், திறமைக்குப் பரிசு, இரண்டுக்கும் இடம் உண்டு. பந்தயத்துக்கு இடமில்லை. எங்களுக்குள் 500 ரூபாய் வைத்து "மணி மேட்ச்" ஆடும் பழக்கம் ஒன்று இருந்தது, அதை அடியோடு நிறுத்திவிட்டோம். இப்போது தோற்றவர் டீ வாங்கித் தர வேண்டும்.

ஆறாம் வகுப்பு, அக்காவோடு வந்தவன்: அண்ணா, நீங்கள் ரொம்ப அழுத தோல்வி எது? அடுத்த ஞாயிறு நான் ஆடலாமா?

ஒரு பெரிய போட்டி, டாப் 8-க்குப் போகும் ஆட்டம். கடைசி ரவுண்டு, என்னை முடிக்க எதிராளிக்கு ஒரு அடி போதும். ஆனால் நான் காம்போவில், தொடர் அடியில், அவரைப் பாதி தூக்கிவிட்டேன். திடீரென்று திரையில் பாஸ் (pause) மெனு, ஆட்டம் நின்றுவிட்டது. பின்வரிசையில் யாரோ ஒரு வயர்லெஸ் பேடைப் பையில் போடும்போது பட்டன் அழுந்தி, எங்கள் கன்சோலோடு இணைந்துகொண்டது. விதிப்படி பாஸ் செய்தவர் ரவுண்டை இழக்க வேண்டும். அது யாருடைய பேட் என்று பார்த்தால் என்னுடையது. முந்தைய ஆட்டத்துக்கு நண்பனுக்கு இரவல் கொடுத்திருந்தேன், இணைப்பைத் துண்டிக்க மறந்துவிட்டேன். ரவுண்டு போனது, ஆட்டம் போனது, பாத்ரூமில் போய்த்தான் அழுதேன்.

அடுத்த ஞாயிறு வா. பதினொரு மணிக்கு, அக்காவோடு. சொந்த பேட் இருந்தால் எடுத்து வா, வயர் போட்டது.