தேத்தண்ணி

ஐயா,
எனக்கு நாகர்கோவில். வீட்டில் சாயா என்போம். சென்னைக்கு வந்தபின் டீ ஆகிவிட்டது. இரண்டும் ஒரே சொல்லா? தேன் போன்ற இலை என்பதால்தான் தேயிலை, உலகத்துக்கே நாம் கொடுத்த சொல் என்கிறார் நண்பர். எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது.
ஒரு வாசகர்

அன்புள்ள தம்பி,

இரண்டும் சீனச் சொல்தான். எழுத்து ஒன்று, உச்சரிப்பு இரண்டு. தென்சீனத்தில் கான்டன் பக்கம் 'சா', ஃபூஜியன் கரையில் 'தே'. கான்டன் அருகே மக்காவு துறைமுகத்தில் இருந்த போர்ச்சுகீசியர் சாவை எடுத்துக்கொண்டார்கள். ஃபூஜியன் வியாபாரிகளோடு பழகிய டச்சுக்காரர்கள் தேயை ஐரோப்பாவுக்குக் கொண்டுபோனார்கள்; உங்கள் டீ அந்த வழி வந்தது. பாரசீகத்தில் சாய், இந்தி, ரஷ்யன், துருக்கியிலும் அதுவே. உங்கள் சாயா அந்த வீட்டுப் பிள்ளை. சிங்களத்தில் தே. சரி, உங்கள் கேள்வி முடிந்தது.

தேன் கதைதான் கோபத்தைக் கிளப்பியது. பச்சைக் கொழுந்தை மென்று பார்த்திருக்கிறீர்களா? நாக்கெல்லாம் துவர்க்கும். நம்மிடம் பிறக்காத சொல் என்றால் உங்களுக்கு என்ன குறைந்துபோகிறது? ஏகாரத்துக்குப் பின் உயிர் வந்தால் யகரமும் வரும், வகரமும் வரும் என்கிறது நன்னூல். தே, இலை, தேயிலை. கப்பலேறி வந்த சொல்லுக்கும் நம் இலக்கணம் இலைபோட்டுப் பரிமாறியிருக்கிறது. பிறந்த ஊர் எது என்று அது கேட்கவில்லை. நீங்கள் ஏன் கேட்கிறீர்கள்?

இதை நான் விடமாட்டேன். என் அம்மாயி, அம்மாவின் அம்மா, இலங்கையில் ஹட்டன் பக்கம் கொழுந்து பறித்தவர். தோட்டத் தமிழரில் பலரை இந்தியாவுக்கு அனுப்ப வகைசெய்த 1964 சாஸ்திரி-சிறிமாவோ ஒப்பந்தத்தால் பிறகு நீலகிரியில் கோத்தகிரிக்கு வந்து சேர்ந்தார். விடியுமுன் எழுந்து, உள்ளங்கையில் சீனியை வைத்து நக்கிக்கொண்டே வெறும் சாயத்தைக் குடிப்பார். அதற்கு அவர் சொல் தேத்தண்ணி. வகுப்பில் ஒருநாள் நான் அதைச் சொல்லிவிட்டேன். "அது என்ன பாஷை, சிலோனா?" என்றார் ஆசிரியர். பிள்ளைகள் சிரித்தார்கள். வீட்டுக்கு வந்ததும் அம்மாயியிடம் கத்தினேன், இனிமேல் டீ என்று சொல் என்று.

அவர் எதுவும் சொல்லவில்லை. மறுநாளிலிருந்து என்னைக் கேட்கும்போது "டீ குடிக்கிறியாப்பா?" என்றார். லயத்துத் தோழி, தோட்டத்து வரிசை வீடுகளில் கூட இருந்தவர், யாராவது வந்தால் மட்டும் அடுப்படியிலிருந்து மெதுவாகக் கேட்கும்: "இரு, தேத்தண்ணி ஊத்துறேன்."