சீன அச்சகம் பக்கத்தை மாற்றச் சொல்கிறது: ஒப்புக்கொள்ளலாமா?

கேள்வி: கோவையில் சிறுவர் நூல்களுக்கான சிறிய பதிப்பகம் நடத்துகிறேன். உலக நாடுகளைப் பற்றித் தமிழில் ஒரு கெட்டி அட்டைப் படநூல் தயாரித்திருக்கிறோம். பல பக்கங்களில் மடிப்பைத் திறந்தால் உள்ளே படம் தெரியும். இங்கே கேட்ட விலையைவிட ஷென்ஜென் நகர அச்சகம் ஒன்று கணிசமாகக் குறைத்துச் சொன்னது. கோப்புகளை அனுப்பிய பிறகு இரண்டு மாற்றங்கள் கேட்கிறார்கள். ஆசிய வரைபடத்துக்குப் பதிலாக அவர்கள் தரும் வரைபடத்தைப் போட வேண்டும். தலாய் லாமாவைப் பற்றிய நான்கு வரிகளை நீக்க வேண்டும். புத்தகம் சீனாவில் விற்கப்போவதே இல்லை. இந்தியா, இலங்கை, சிங்கப்பூர், மலேசியாவில் மட்டும்தான் விற்பனை. பிறகு அவர்களுக்கு இதில் என்ன அக்கறை? மாற்றிக்கொடுத்தால் எனக்குச் சட்டச் சிக்கல் வருமா?

பதில்: வரைபடத்தைப் பற்றிய பதில் தெளிவானது. அவர்கள் தரும் ஆசிய வரைபடத்தை ஏற்காதீர்கள். சீன அரசின் வரைபடத்தில் அருணாசலப் பிரதேசமும் அக்சாய் சின்னும் சீனாவுக்குள் இருக்கும். 2023 ஆகஸ்டு இறுதியில் அந்நாட்டு இயற்கை வள அமைச்சகம் வெளியிட்ட அதிகாரபூர்வ வரைபடம் அப்படித்தான் இருந்தது. இந்தியாவுடன் மலேசியா, பிலிப்பைன்ஸ், வியட்நாம் ஆகிய நாடுகளும் தத்தம் எல்லைகளுக்காக அதை எதிர்த்தன. இந்தியாவில் 1961ஆம் ஆண்டின் குற்றவியல் சட்டத் திருத்தச் சட்டம் இருக்கிறது. இந்திய நில அளவைத் துறையின் வரைபடத்துக்கு மாறான இந்திய வரைபடத்தைப் பதிப்பித்தால் 6 மாதம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும் என்ற பிரிவு 1990இல் அதில் சேர்க்கப்பட்டது. இந்திய எல்லையைத் தவறாகக் காட்டும் வரைபடங்களையும் நூல்களையும் இறக்குமதி செய்யவும் தடை உண்டு. ஆகவே தூத்துக்குடித் துறைமுகத்திலேயே உங்கள் சரக்கு நின்றுவிடக்கூடும். அச்சகம்தான் மாற்றியது என்று அங்கே சொல்லித் தப்பிக்க முடியாது. நூலில் பதிப்பாளர் என்று இருப்பது உங்கள் பெயர்.

சரி, நம் வரைபடத்தையே அங்கே அச்சிட்டுத் தரச் சொல்லலாமா? அதுவும் நடக்காது. 2016 ஜனவரி 1 முதல் நடைமுறையில் இருக்கும் சீன வரைபட மேலாண்மை விதிகளின்படி, பொதுமக்கள் பார்வைக்கு வரும் வரைபடங்கள் அரசின் ஆய்வுக்குப் போக வேண்டும். ஏற்றுமதிக்கான வரைபடங்களுக்கும் விலக்கு கிடையாது. 2019 மார்ச்சில் சிங்டாவ் நகரச் சுங்கத்துறை ஏறத்தாழ 29,000 ஆங்கில உலக வரைபடங்களை அழித்தது. அவை வெளிநாட்டுக்குக் கப்பலேற இருந்தவை. தைவானைத் தனிநாடாகக் காட்டியதும், இந்திய–சீன எல்லையைப் பெய்ஜிங் ஏற்காத விதத்தில் வரைந்திருந்ததும்தான் குற்றம். நம் சட்டம் கேட்கும் கோடு அங்கே குற்றமாகிறது, அவர்கள் கேட்கும் கோடு இங்கே குற்றமாகிறது.

நடுவழியாகப் புள்ளிக்கோடு போடலாம் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். 2011இல் 'தி எகானமிஸ்ட்' இதழ் காஷ்மீரில் யார் கட்டுப்பாட்டில் எந்தப் பகுதி இருக்கிறது என்று காட்டும் வரைபடத்தை வெளியிட்டது. இந்தியாவுக்கு வந்த 28,000 பிரதிகளிலும் அதன்மேல் வெள்ளை ஸ்டிக்கர் ஒட்ட வேண்டியதாயிற்று. 2015இல் இந்திய வரைபடத்தைத் தவறாகக் காட்டியதற்காக அல் ஜசீரா தொலைக்காட்சியின் ஒளிபரப்பு இந்தியாவில் 5 நாள் நிறுத்தப்பட்டது. வரைபட விஷயத்தில் நம் அரசும் கடுமையாகத்தான் இருக்கிறது, அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் இங்கே என்ன தடை என்பது சட்டத்தில் எழுதியிருக்கிறது, நீதிமன்றத்தில் எதிர்த்து வாதாடவும் இடமிருக்கிறது. உங்கள் இரண்டாவது சிக்கலான தலாய் லாமா வரிகள் வேறு வகையைச் சேர்ந்தவை.

அதற்குமுன், அச்சகத்துக்கு என்ன அக்கறை என்று கேட்டிருக்கிறீர்கள். சீன அச்சுத்தொழில் விதிகளின்படி வெளிநாட்டுப் பதிப்பாளருக்காக ஒரு நூலை அச்சிட மாகாண அரசின் பதிப்புத்துறை ஒப்புதல் தர வேண்டும். பதிப்புரிமைச் சான்றைக் காட்ட வேண்டும், அச்சிட்ட பிரதிகள் முழுவதையும் நாட்டைவிட்டு வெளியே அனுப்பிவிட வேண்டும். ஒரு பிரதிகூட உள்நாட்டில் விற்கக் கூடாது என்று கட்டளையிட்ட பிறகும் நூலுக்குள் இருப்பதைப் படித்துப் பார்க்கிறார்கள். 2018 மார்ச்சில் நடந்த நிர்வாக மாற்றத்தில் பத்திரிகை, பதிப்புத்துறை, திரைப்படம் ஆகிய மூன்றும் கம்யூனிஸ்டு கட்சியின் மத்தியப் பிரசாரத் துறையின் கீழ் நேரடியாகக் கொண்டுவரப்பட்டன.

எதை அச்சிடலாம், எதைக் கூடாது என்று துல்லியமான பட்டியலை அரசு உங்களுக்குத் தராது. 1989 போராட்டம் நடந்த தியானன்மென், திபெத், உய்குர் முஸ்லிம்கள் வாழும் சின்ஜியாங், தைவான், அங்கே தடைசெய்யப்பட்ட ஆன்மிக இயக்கமான ஃபாலுன் காங், கட்சித் தலைவர்களின் பெயர்கள் என்று பொதுவாக எல்லோருக்கும் தெரிந்த பகுதிகள் உண்டு. அவற்றின் விளிம்பு எங்கே முடிகிறது என்பது யாருக்கும் தெரியாது. தவறு நேர்ந்தால் உரிமம் போவது அச்சகத்துக்கு. எனவே உங்களுடன் பேசும் விற்பனை மேலாளர் சந்தேகமான எல்லாவற்றையும் முன்கூட்டியே எடுத்துவிடச் சொல்வார். அவர்மீது கோபப்படாதீர்கள், அவர் தன் வேலையையும் முதலாளியின் உரிமத்தையும் காப்பாற்றிக்கொள்கிறார். இந்த அச்சத்தை நம்பியே தணிக்கை நடக்கிறது. அதிகாரி ஒருவரும் தலையிடாமலே கோவையில் எழுதிய நான்கு வரிகள் ஷென்ஜெனில் காணாமல்போகும்.

உங்களுக்கு மட்டும் நேர்ந்த சிக்கல் இல்லை இது. ஆஸ்திரேலியப் பதிப்பாளர்களும் இப்படிப்பட்ட நிபந்தனைகளைச் சந்திப்பது 2019இல் செய்தியானது. அங்கே ஒரு பதிப்பகம் சிறுவர் நிலவரைபட நூல் ஒன்றை அடியோடு கைவிட்டது. சீனத் தணிக்கைக்கு ஒத்துவரவில்லை, வேறு நாட்டில் அச்சிடச் செலவு கட்டுப்படியாகவில்லை. வெட்டப்பட்ட புத்தகத்தைக்கூட ஒருவர் தேடிக் கண்டுபிடிக்கலாம், பிறக்காமலே போன புத்தகத்தை யாரும் தேட மாட்டார்கள்.

இனி அந்த நான்கு வரிகள். அவற்றை நீக்கியதற்காக எந்த அரசும் உங்கள்மீது வழக்குப் போடாது. முடிவு முழுக்க உங்கள் கையில்தான். என் ஆலோசனை: நீக்காதீர்கள்.

பெரிய நிறுவனங்கள் பணிந்த கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். 2018 ஜனவரியில் மாரியட் ஹோட்டல் நிறுவனம் ஒரு வாடிக்கையாளர் படிவத்தில் திபெத், ஹாங்காங், மக்காவ், தைவான் ஆகியவற்றைத் தனி நாடுகளாகக் குறிப்பிட்டதற்காக அதன் சீன இணையதளம் ஒரு வாரம் மூடப்பட்டது. நிறுவனம் மன்னிப்புக் கேட்டது. திபெத் ஆதரவு அமைப்பு ஒன்றின் ட்விட்டர் பதிவுக்கு விருப்பம் தெரிவித்த அமெரிக்க ஊழியர் வேலையை இழந்தார். அடுத்த மாதமே மெர்சிடிஸ் பென்ஸ் இன்ஸ்டாகிராமில் தலாய் லாமாவின் வாசகம் ஒன்றைப் போட்டுவிட்டு மன்னிப்புக் கேட்டது. இன்ஸ்டாகிராம் சீனாவில் முடக்கப்பட்ட தளம். அந்தப் பதிவு சீன வாசகருக்காகப் போடப்பட்டதே இல்லை. உங்கள் தமிழ் நூலின் நிலையும் அதுதான்.

அதே ஆண்டு ஏப்ரலில் சீன விமானப் போக்குவரத்து நிர்வாகம் வெளிநாட்டு விமான நிறுவனங்கள் பலவற்றுக்கு, தைவானைத் தனியாகக் குறிப்பிடக் கூடாது என்று கடிதம் எழுதியது. ஏர் இந்தியா ஜூலையில் தன் இணையதளத்தில் 'சீன தைபே' என்று மாற்றிக்கொண்டது. அமெரிக்க நிறுவனங்கள் நாட்டின் பெயரை எடுத்துவிட்டு நகரத்தின் பெயரை மட்டும் வைத்தன. அதையும் பெய்ஜிங் 'முழுமையான திருத்தம் இல்லை' என்றது. பாதி விட்டுக்கொடுத்தால் மீதியையும் கேட்பார்கள் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை.

இந்த நிறுவனங்களுக்கெல்லாம் அங்கே ஹோட்டல்களும் ஷோரூம்களும் விமானத் தடங்களும் இருந்தன. இழப்பதற்குப் பெரிய சந்தை இருந்தது. அவர்கள் செய்ததை நான் நியாயப்படுத்தவில்லை, ஆனால் அவர்களுடைய நெருக்கடி புரிகிறது. உங்களுக்கு அங்கே ஒரு கடைகூடக் கிடையாது. மறுத்தால் நீங்கள் இழப்பது ஒரு விலைப்புள்ளி. அதற்காகப் பெரிய நிறுவனங்களைப் போல அஞ்ச வேண்டியதில்லை.

முதலில் பணிந்துவிட்டுப் பிறகு மறுத்தவர்களும் உண்டு. 2017 ஆகஸ்டில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகப் பதிப்பகம், சீனாவைப் பற்றிய தன் ஆய்விதழ் ஒன்றின் 300க்கும் மேற்பட்ட கட்டுரைகளைச் சீன வாசகர்கள் பார்க்க முடியாதபடி முதலில் தடுத்தது. ஆய்வாளர்கள் கொதித்தெழுந்தார்கள். சில நாள்களிலேயே பதிப்பகம் கட்டுரைகளைத் திரும்ப வைத்தது. அது நடந்ததற்குக் காரணம், எந்தெந்தக் கட்டுரைகள் மறைந்தன என்பது வெளியே தெரிந்ததுதான். உங்கள் நூலில் நான்கு வரிகள் போனால் யாழ்ப்பாணத்திலோ பினாங்கிலோ படிக்கும் குழந்தைக்கு அங்கே ஏதோ இருந்தது என்பதே தெரியாது. திபெத் பக்கத்தில் மலையும் யாக் எருமையும் இருக்கும். 1959 மார்ச்சில் லாசாவிலிருந்து தப்பி இமயமலையைக் கடந்து வந்த ஓர் இளைஞர் இருக்க மாட்டார். அவர் இந்தியாவுக்குள் நுழைந்தது தவாங் வழியாக. தவாங் இருப்பது அருணாசலத்தில். வரைபடத்தில் எடுக்கச் சொல்லும் இடமும் பத்தியில் எடுக்கச் சொல்லும் மனிதரும் ஒரே வரலாற்றைச் சேர்ந்தவர்கள். ஒன்றை மட்டும் விட்டுக்கொடுத்துவிட்டு மற்றதைக் காப்பாற்றியதாக நினைத்துக்கொள்ள முடியாது.

'அவர்களுக்குத் தமிழ் தெரியாதே, அச்சகத்துக்குக் கொடுக்கும் நூல் சுருக்கத்தில் சொல்லாமல் விட்டுவிட்டால்?' என்று இந்தத் தொழிலில் சிலர் கேட்பதுண்டு. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். பின்னால் தெரியவந்தால் சரக்கு பறிபோவது உங்களுக்குப் பணநஷ்டத்தோடு முடியும். தண்டனை அனுபவிக்கப்போவது அந்த அச்சகத்தில் வேலை செய்பவர்கள். ஹாங்காங் முகவரி கொண்ட அச்சகத்தை நாடுவதும் பெரும்பாலும் பயன் தராது. பல நிறுவனங்களுக்கு அங்கே அலுவலகம் மட்டும்தான், அச்சு ஷென்ஜெனிலோ டோங்குவானிலோ நடக்கிறது. ஹாங்காங்கின் நிலைமையும் மாறிவிட்டது. 2020 ஜூன் இறுதியில் தேசியப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 2022 செப்டம்பரில் பேச்சுச் சிகிச்சையாளர்கள் ஐந்து பேருக்குத் தலா 19 மாதச் சிறை. ஆடுகளையும் ஓநாய்களையும் வைத்துக் குழந்தைகளுக்குப் படக்கதைப் புத்தகங்கள் வெளியிட்டதுதான் அவர்கள்மீதான தேசத்துரோக வழக்கு. குழந்தைப் புத்தகத்தை யார் கவனிக்கப்போகிறார்கள் என்று நினைப்பவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும்.

இப்போது செய்ய வேண்டியவை. அட்வான்ஸ் கொடுக்கவில்லை என்றால் கொடுக்காதீர்கள். எந்தப் பக்கத்தில் எந்த வரி, என்ன காரணம் என்று எழுத்தில் கேளுங்கள். தொலைபேசியில் சொல்வதை மின்னஞ்சலில் சொல்லத் தயங்கினால், அதைப் பேச்சை முடிக்க வேண்டிய அடையாளமாக எடுத்துக்கொள்ளுங்கள். தலாய் லாமா பத்தியை அப்படியே ஏற்றுக்கொண்டு, வரைபடம் மட்டும்தான் தடை என்று அவர்கள் உறுதி கொடுத்தால் ஒரு வழி இருக்கிறது. வரைபடத்தைப் புத்தகத்திலிருந்து எடுத்துவிட்டு, நில அளவைத் துறை வரைபடத்தை ஒட்டி ஒரு பெரிய தாளாகச் சிவகாசியில் அச்சிடுங்கள். பின்னட்டையின் உட்புறம் ஒரு பையை ஒட்டச் சொல்லி, புத்தகம் இங்கே வந்ததும் தாளை மடித்து அதில் வையுங்கள். குழந்தைகள் சுவரில் ஒட்டிக்கொள்ளலாம். எதையும் மறைக்காத ஏற்பாடு என்பதால் எனக்கு இதில் மனத்தடை இல்லை.

பத்தியையும் எடுக்க வேண்டும் என்றால் நூலை முழுவதுமாகச் சிவகாசி, சென்னை, நொய்டா ஆகிய இடங்களில் ஒன்றுக்குக் கொண்டுபோங்கள். மலேசிய அச்சகங்களிடமும் விலை கேட்டுப் பாருங்கள். செலவு கூடும் என்பது உண்மை, மடிப்புகளை ஒட்டும் கைவேலையில் சீன அச்சகங்களின் வேகம் இங்கே இன்னும் வரவில்லை. மடிப்புகளின் எண்ணிக்கையைக் குறைத்து, எல்லா மடிப்புக்கும் ஒரே அளவு வைத்தால் தாளை வடிவமாக வெட்டும் டை கட்டிங் செலவு இறங்கும். கணக்குப் போடும்போது சீன விலையோடு கப்பல் கட்டணத்தையும் சுங்கவரியையும் கூட்டுங்கள். இறக்குமதி நூல்களுக்கு 2019 பட்ஜெட்டில் 5% வரி வந்தது. உங்கள் நூல் எந்த வகைப்பாட்டில் வரும், இன்றைய விகிதம் என்ன என்று சுங்க முகவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். காலக்கணக்கும் உண்டு. ஜனவரிச் சென்னைப் புத்தகக் காட்சியைக் குறிவைத்திருந்தால், உள்ளடக்க ஆய்வுக்கான தாமதமும் அக்டோபர் முதல் வாரத் தேசிய தின விடுமுறையும் சேர்ந்து உங்களைப் பிப்ரவரிக்குத் தள்ளிவிடலாம்.

சீனாவில் எதையுமே அச்சிடாதீர்கள் என்று நான் சொல்லவில்லை. எண்கள், விலங்குகள், பழங்கள், தாலாட்டுகள் என்று உங்கள் பட்டியலில் பாதிக்குமேல் எந்த இடையூறும் இல்லாமல் அங்கே அச்சாகும். நூலைத் திட்டமிடும்போதே எது அங்கே போகலாம், எது போகக் கூடாது என்று பிரித்துவிடுங்கள். விலையைக் கேட்ட பிறகு பிரிக்க உட்கார்ந்தால் விலைதான் முடிவெடுக்கும். ஒப்பந்தத்தில், எங்கள் எழுத்துபூர்வ ஒப்புதல் இல்லாமல் ஒரு சொல்லையும் மாற்றக் கூடாது என்ற விதி இருக்கட்டும். கப்பலேற்றும் முன் ஒரு பிரதியை வரவழைத்து, உங்கள் மூலக் கோப்போடு பக்கம் பக்கமாக ஒப்பிடுங்கள். நூலாசிரியருக்கும் ஓவியருக்கும் இந்தக் கோரிக்கையை இன்றே தெரிவியுங்கள், அது அவர்களுடைய நூலும்தான்.

அச்சகத்துக்குப் பதில் எழுதுமுன் இன்னொரு முறை கோப்புகளைத் திறந்து பாருங்கள். உலக நாடுகளைப் பற்றிய நூல் என்றால் கொடிகளுக்கு ஒரு பக்கம் இருக்கும், அதில் தைவான் கொடி இருக்கிறதா? அட்டையிலோ ஓரங்களிலோ எல்லைக்கோடுகளுடன் பூமி உருண்டை வரைந்திருக்கிறார்களா? இருந்தால் அவற்றையும் உங்கள் மின்னஞ்சலிலேயே குறிப்பிட்டு, இவை மாறாமல் அச்சாகுமா என்று கேட்டுவிடுங்கள்.