வினைமுற்றுக்குள் இருக்கும் எழுவாய்

அன்புள்ள ஐயா,

மாலை வேளைகளில் எங்கள் வீட்டு மாடியில் ஆறாம், ஏழாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறேன். 'ஐ' என்றால் நான், 'ஹி' என்றால் அவன், 'ஷி' என்றால் அவள், 'தே' என்றால் அவர்கள் என்று எல்லாரும் தடுமாறாமல் ஒப்பிக்கிறார்கள். ஆனால் எழுதச் சொன்னால் 'யெஸ்டர்டே வென்ட் டு மார்க்கெட்' என்று எழுவாயை விட்டுவிடுகிறார்கள். திருத்தினால் 'மை ஃபாதர் ஹி இஸ் எ டிரைவர்' என்று இரண்டு முறை போடுகிறார்கள். ஒரு சிறுமி 'மை மதர் தே ஆர் குக்கிங்' என்று எழுதியிருந்தாள். இது பிள்ளைகளின் கவனக்குறைவா, நான் சொல்லித்தரும் முறையில் குறையா?

ஒரு வாசகி, திருவாரூர் மாவட்டம்

அன்புள்ள சகோதரிக்கு,

இதில் கவனக்குறைவு எதுவும் இல்லை. நீங்கள் எழுதியிருக்கும் மூன்று பிழைகளுக்கும் காரணம் உண்டு. அவற்றில் இரண்டு, தமிழ் இலக்கணம் பிள்ளைகளின் மனத்தில் உறுதியாக இருப்பதால் வருபவை.

'நேற்றுச் சந்தைக்குப் போனேன்' என்று நாம் சொல்லும்போது 'நான்' என்ற சொல் வாக்கியத்தில் இல்லாவிட்டாலும், போனவர் யார் என்பதில் யாருக்கும் ஐயம் எழுவதில்லை. போனேன், போனோம், போனாய், போனான், போனாள், போனார்கள் என ஒவ்வொரு வினைமுற்றும் இடத்தையும் எண்ணையும், படர்க்கையானால் திணையையும் பாலையும்கூடத் தன் விகுதியிலேயே காட்டிவிடுவதால்தான் தோன்றா எழுவாய்க்கு நம் மொழியில் இடம் இருக்கிறது. ஆங்கிலத்தின் 'வென்ட்' இவற்றில் எதையும் காட்டுவதில்லை. ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய ஆங்கிலத்தில் நான் பாடுகிறேன், நீ பாடுகிறாய், அவன் பாடுகிறான் ஆகியவற்றுக்குத் தனித்தனி ஈறுகள் இருந்தன. அவை காலப்போக்கில் தேய்ந்து உதிர்ந்துவிட்டன. 'ஆம்', 'இஸ்', 'ஆர்' போன்ற சில வடிவங்களை விட்டால், நிகழ்காலத்தில் 'ஹி', 'ஷி', 'இட்' ஆகியவற்றோடு வரும் 'ஸ்' என்னும் ஈறு மட்டுமே இன்று மிஞ்சியிருக்கிறது. ஆகவே செய்தவர் யார் என்பதை ஆங்கிலம் வினைக்கு முன்பே தனிச்சொல்லால் சொல்லியாக வேண்டும். நமக்கு அருகிலுள்ள மலையாளத்திலும் 'ஞான் போயி', 'அவன் போயி' என வினை மாறாமல்தான் நிற்கிறது. ஆயினும் அங்கே சூழலால் விளங்கும் இடத்தில் எழுவாயை விட்டுவிடலாம். ஆங்கிலத்தின் எழுத்து நடை, ஏவல் வாக்கியங்கள் போன்ற சிலவற்றைத் தவிர, அந்தச் சலுகையைத் தருவதில்லை.

ஆகவே பட்டியலை ஒப்பிக்க வைப்பதைச் சில வாரங்களுக்கு நிறுத்திவிட்டு வினைமுற்றிலிருந்து தொடங்கலாம் என்பது என் கருத்து. கரும்பலகையில் 'போனேன்' என்று எழுதுங்கள். அதன் ஈற்றில் ஒலிக்கும் 'ஏன்' யாரைக் காட்டுகிறது என்று கேளுங்கள். 'நான்' என்று பிள்ளைகளே சொல்வார்கள். அந்த ஈற்றின் கீழ் வண்ணச் சாக்பீஸால் கோடிட்டு, அங்கிருந்து ஓர் அம்புக்குறியை 'வென்ட்' என்பதற்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தி, அங்கே 'ஐ' என்று எழுதுங்கள். 'போனோம்' என்றால் 'வி', 'போனாள்' என்றால் 'ஷி', 'போனது' என்றால் 'இட்' என்று அடுத்தடுத்து அவர்களே செய்துவிடுவார்கள். 'இருட்டிவிட்டது' என்பதற்கு ஆங்கிலத்தில் ஏன் 'இட்' வருகிறது என்று பிள்ளைகள் வழக்கமாகத் திகைப்பார்கள். ஈற்றில் உள்ள 'அது'வை ஒருமுறை காட்டிவிட்டால் அந்தத் திகைப்பும் பெரும்பாலும் நீங்கிவிடும்.

இந்த வழி உதவாத ஓர் இடம் உண்டு. அங்கேதான் நீங்கள் கூடுதலாக நேரம் செலவிட வேண்டும். 'எனக்குப் பசிக்கிறது' என்பதில் விகுதியைப் பார்த்தால் 'இட்' என்றுதான் வரும். ஆனால் ஆங்கிலம் 'ஐ ஆம் ஹங்கிரி' என்கிறது. எனக்குத் தெரியும், எனக்குப் பிடிக்கும், எனக்குக் காய்ச்சல், எனக்கு இரண்டு தம்பிகள் இருக்கிறார்கள் என நாம் நான்காம் வேற்றுமையில் சொல்லும் பலவற்றை ஆங்கிலம் எழுவாயாக்கி, 'ஐ நோ', 'ஐ லைக்', 'ஐ ஹேவ்' என்று சொல்கிறது. உடலும் மனமும் உணர்வதையும், ஒருவருக்கு உரியதையும் சொல்லும் வாக்கியம் 'எனக்கு', 'அவளுக்கு' என்று தொடங்கினால், அந்தக் 'கு' உருபைக் கழற்றி, எஞ்சியிருப்பவரை எழுவாயாக்கப் பழக்குங்கள். முதல் வழி நன்றாகப் படிந்த பிறகே இதைத் தொடங்க வேண்டும். இரண்டையும் ஒரே நாளில் சொன்னால் குழப்பமே மிஞ்சும்.

'மை ஃபாதர் ஹி இஸ்' என்பது எழுவாய் கட்டாயம் வேண்டும் என்று நீங்கள் சொன்னதன் விளைவு. பெயர் வந்துவிட்டால் அதுவே எழுவாய் என்றும், அடுத்த வாக்கியத்தில் அதே பெயரைத் திரும்பச் சொல்லாமல் இருப்பதற்கே 'ஹி' என்றும் சொல்லி, இரண்டு வாக்கியங்களாகவே எழுதப் பழக்கினால் இது விரைவில் சரியாகிவிடும்.

'மை மதர் தே ஆர் குக்கிங்' என்று எழுதிய சிறுமியைத் தயவுசெய்து கடிந்துகொள்ளாதீர்கள். 'ஷி' என்றால் அவள் என்று மட்டுமே நாம் கற்றுக்கொடுத்திருக்கிறோம். பெற்ற தாயை 'அவள்' என்று எழுத அவளுக்குக் கை வரவில்லை. 'அம்மா சமைக்கிறார்கள்' என்னும் மரியாதைப் பன்மையை அவள் அப்படியே ஆங்கிலத்துக்குக் கொண்டுபோயிருக்கிறாள். நம் பள்ளிகளில் காலங்காலமாக ஒப்பிக்கப்படும் இந்தப் பட்டியல் பாதி உண்மையைத்தான் சொல்கிறது. 'ஹி' என்பது அவன் மட்டுமல்ல, அவரும்தான். 'ஷி' என்பது அவள் மட்டுமல்ல, அவரும்தான். தந்தையானாலும் தலைமையாசிரியரானாலும் நாட்டின் பிரதமரானாலும் ஆங்கிலம் இந்த இரண்டு சொற்களையே பயன்படுத்துகிறது. அதில் அவமரியாதை எதுவும் இல்லை என்பதைப் பிள்ளைகளுக்கு வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். உங்கள் வகுப்பில் பட்டியல் தொங்கினால், இன்றே அதில் 'அவர்' என்பதை இரண்டு இடங்களிலும் சேர்த்துவிடுங்கள். நீ, நீங்கள் இரண்டுக்கும் 'யூ', நாம், நாங்கள் இரண்டுக்கும் 'வி' என்பதையும் கூடவே எழுதிவிடலாம். இவை பிள்ளைகளைப் பெரிதாகத் தொல்லைப்படுத்துவதில்லை.

'மீ வென்ட்' என்று எழுதுபவர்கள் இருந்தால், அது 'என்னைப் போனேன்' என்பதைப் போன்றது என்று சொன்னாலே போதும். வேற்றுமை உருபு ஏற்கும்போது நான் 'என்' ஆவதும் நீ 'உன்' ஆவதும் அவர்கள் அன்றாடம் பேசுவதுதான். 'நானும் என் தோழியும்' என்று நாம் நம்மை முதலில் சொல்வதை ஆங்கிலத்தில் 'மை ஃபிரெண்ட் அண்ட் ஐ' என்று வரிசை மாற்றி எழுதுவது வழக்கம். அதை எட்டாம் வகுப்புக்கு மேல் பார்த்துக்கொள்ளலாம்.