டயலிசிஸ் நோயாளரின் இதய வால்வில் பங்கசு: கேள்வி பதில்

ஏறாவூரிலிருந்து ஒரு மகள்: வாப்பாவுக்குக் கழுத்தில் கதீற்றர் போட்டு வாரம் 3 தடவை டயலிசிஸ் நடக்கிறது. நுண்ணுயிர்க்கொல்லி ஏற்றியும் 10 நாளாகக் காய்ச்சல் விடவில்லை. இதயத்தில் பங்கசு இருக்கலாம் என்கிறார்கள். அது எப்படி அங்கே போனது, டொக்டர்?

பதில்: கதீற்றரின் நுனி இதயத்தின் வாசலிலேயே நிற்கிறது, மகள். தோலிலும் குடலிலும் சாதாரணமாக வாழும் கன்டிடா என்ற பங்கசு, அந்தக் குழாயில் படலமாகப் படிந்து, குருதியோடு சென்று வால்வைப் பற்றிக்கொள்ளும். வால்வில் தொற்றை உண்டாக்குவது பெரும்பாலும் பற்றீரியாதான். பங்கசு 100 பேரில் ஒருவர் இருவருக்கே காரணமாகிறது. ஆனாலும் நீண்ட நாள் நுண்ணுயிர்க்கொல்லி பற்றீரியாவை அழித்துப் பங்கசுக்கு இடம் விட்டுவிடுவதால், இப்படி விடாத காய்ச்சலில் அதைத் தேடியே ஆக வேண்டும்.

கல்முனை அன்பர்: அண்ணனின் எக்கோவில் (இதய ஸ்கேனில்) ஒன்றும் தெரியவில்லை. அப்படியானால் பயமில்லைதானே?

பதில்: அப்படி முடிவெடுக்க வேண்டாம். நெஞ்சின் மேல் வைத்துப் பார்க்கும் எக்கோ தவறவிடுவதை, உணவுக்குழாய் வழியாகப் பார்க்கும் எக்கோ காட்டக்கூடும். குருதி வளர்ப்புச் சோதனையும் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும்; அஸ்பெர்ஜிலஸ் என்ற பங்கசு அதில் பெரும்பாலும் வளர்வதே இல்லை. பங்கசுக் கட்டிகள் பெரிதாக வளர்ந்து உடைந்து நாடிகளை அடைப்பவை என்பதால், ஒரு கால் திடீரெனக் குளிர்ந்து வலித்தாலோ பேச்சு குழறினாலோ அந்த நிமிடமே வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லுங்கள்.

களுவாஞ்சிக்குடி அம்மா ஒருவர்: சத்திரசிகிச்சை இல்லாமல் மருந்தால் மாறாதா?

பதில்: உங்கள் பயம் நியாயமானது, அம்மா. எனினும் கட்டியின் உள்ளே மருந்து சரியாக ஊடுருவாததால், உடல் தாங்குமானால் வால்வை மாற்றுவதையே நான் சொல்வேன். அதற்கு முன்பே கதீற்றரை அகற்றி, அம்ஃபோடெரிசின் அல்லது கஸ்போஃபன்ஜின் என்ற பங்கசுக்கொல்லி மருந்தைத் தொடங்குவார்கள். சத்திரசிகிச்சைக்குப் பின்னும் குறைந்தது 6 வாரம் மருந்து தொடரும். சத்திரசிகிச்சை முடியாதவர்களுக்குப் பெரும்பாலும் ஆயுள் முழுதும் ஃபுளூகொனசோல் என்ற பங்கசுக்கொல்லி மாத்திரை தேவைப்படும். டயலிசிஸ் இயந்திரம் அதைக் கழுவி எடுத்துவிடுவதால், டயலிசிஸ் நாளில் அது முடிந்த பின்பே அந்த மாத்திரையைக் கொடுக்க வேண்டும்.

அக்கரைப்பற்றிலிருந்து ஒரு தம்பி: கதீற்றரோடு கிணற்றடியில் குளிக்கலாமா?

பதில்: தலையில் தண்ணீர் வார்க்கவே கூடாது, கழுத்துக்குக் கீழே ஈரத்துணியால் துடைத்தால் போதும். நம் பக்கத்து வெயிலில் வியர்வையாலேயே கட்டு நனைந்துவிடும், அதை வீட்டில் பிரிக்காமல் டயலிசிஸ் தாதியிடம் காட்டுங்கள். கையில் ஃபிஸ்டுலா (டயலிசிஸுக்காக நாடியையும் நாளத்தையும் இணைக்கும் சிறு சத்திரசிகிச்சை) செய்துகொண்டால் கதீற்றரே தேவைப்படாது. அது முதிர ஒன்றரை மாதமாவது பிடிக்கும் என்பதால், அடுத்த கிளினிக்கிலேயே கேளுங்கள், தம்பி.