பழைய கேஸ் டேங்க் கசிகிறது, அடுத்து என்ன போடலாம்? மெல்பர்ன் தம்பிக்கு ஒரு பதில்

தம்பி, மெல்பர்ன் புறநகர் நோபிள் பார்க்கில் பழைய செங்கல் வீடு வாங்கிக் குடிபோயிருக்கிறீர்கள், ரொம்பச் சந்தோஷம். பின்பக்கச் சுவரோரம் நிற்கும் கேஸ் ஹாட் வாட்டர் டேங்க்கின் அடியில் ஈரம் தெரிகிறது என்கிறீர்கள். ஒரு நண்பர் அதே மாதிரி கேஸ் டேங்க்கையே போடச் சொல்கிறார். இன்னொருவர் ஹீட் பம்ப்தான் (வெளிக்காற்றின் சூட்டை எடுத்துத் தண்ணீருக்குத் தரும் மின்சார ஹாட் வாட்டர்) சரி, அதுவும் இலவசமாகவே போட்டுத் தருவார்கள் என்கிறார். ஊரிலிருந்து அம்மா, "பாத்ரூமுக்கு ஒரு கீசர் மாட்டிவிட்டால் முடிந்தது" என்கிறார்கள். யார் சொல்வதைக் கேட்பது என்பது உங்கள் கேள்வி. என் பதில் ஹீட் பம்ப். ஆனால் இலவசமாக வருவதை அல்ல, அதுவும் டேங்க் உடைந்த பிறகு அவசரத்தில் வாங்குவதை அல்ல.

முதலில் அந்த ஈரம் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். டேங்க்கின் மேல்பக்கத்தில் சின்னக் கைப்பிடியோடு ஒரு பித்தளை வால்வு இருக்கும், அதிலிருந்து ஒரு செம்புக் குழாய் கீழே இறங்கும். தண்ணீர் சூடாகும்போது விரியும், கூடுகிற அழுத்தத்தை அந்த வால்வு கொஞ்சம் கொஞ்சமாகச் சொட்டவிடும். ஈரம் அந்தக் குழாயிலிருந்து வந்தால் பயப்பட ஒன்றுமில்லை. ஓயாமல் ஒழுகினால் வால்வை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். டேங்க்கின் அடிவிளிம்பிலிருந்தே துருக்கறையோடு கசிந்தால் கதை வேறு. உள்ளே இருக்கும் இரும்பு அரித்துவிட்டது என்று அர்த்தம், அதற்கு ஒட்டுப்போட முடியாது. பக்கத்தில் ஒட்டியிருக்கும் தகட்டில் தயாரித்த ஆண்டு இருக்கும். கேஸ் டேங்க் பத்து, பன்னிரண்டு வருடம் உழைத்தால் அதுவே நல்ல வயது. டேங்க்குக்குள் போகும் தண்ணீரை அடைக்கும் வால்வு எது, கேஸை அடைப்பது எது என்பதை இன்றைக்கே பார்த்து வைத்துக்கொண்டு வீட்டில் எல்லோருக்கும் காட்டிவிடுங்கள்.

ஏன் இவ்வளவு அவசரப்படுத்துகிறேன் என்றால், இங்கே பெரும்பாலான வீடுகளில் ஹாட் வாட்டரைப் பற்றி யோசிப்பதே அது நின்ற பிறகுதான். ஜூலை மாதக் குளிரில், வெள்ளிக்கிழமை சாயங்காலம், குழந்தைகளைக் குளிப்பாட்ட வெந்நீர் இல்லை என்றால் போனில் முதலில் கிடைக்கும் பிளம்பரை வரச் சொல்வோம். அவர் தன் வண்டியில் இருக்கும் கேஸ் டேங்க்கை இறக்குவார். அடுத்த பத்து வருடத்துக்கு கேஸ் பில் உறுதியாகிவிடும். மெல்பர்ன் இருக்கும் விக்டோரியா மாநில அரசு அறிவித்துள்ள விதிப்படி, 2027 மார்ச் 1 முதல், ஆயுள் முடிந்த கேஸ் ஹாட் வாட்டரை எடுத்துவிட்டுத் திறன் மிக்க மின்சார அமைப்பைத்தான் வைக்க வேண்டும். ஓடிக்கொண்டிருப்பதைப் பழுதுபார்க்கத் தடையில்லை, கேஸ் அடுப்பையும் யாரும் பிடுங்கப் போவதில்லை. ஆக, இப்போது இன்னொரு கேஸ் டேங்க் போடுவது முடியப்போகிற கதையில் பணம் போடுவது.

அம்மா சொல்லும் கீசர் விஷயத்துக்கு வருகிறேன். நம் ஊரில் பாத்ரூமுக்கு ஒன்று மாட்டி, குளிக்கும் முன் சுவிட்ச் போட்டு, பிறகு அணைத்துவிடுவோம். அந்த ஊருக்கு அது சரியான ஏற்பாடு. இங்கே சமையலறை, ஷவர், துணி துவைக்கும் இடம் எல்லாவற்றுக்கும் ஒரே டேங்க்கிலிருந்து சுடுநீர்க் குழாய் சுவருக்குள்ளேயே ஓடுகிறது. குழாயில் வரும் தண்ணீரும் சென்னைத் தண்ணீர் மாதிரி வெதுவெதுப்பாக இருக்காது. கணக்குப் போட்டுப் பாருங்கள். 15 டிகிரியில் வரும் 200 லிட்டர் தண்ணீரை 60 டிகிரிக்குக் கொண்டுபோக ஏறத்தாழ பத்தரை யூனிட் வெப்பம் வேண்டும். நாலு பேர் உள்ள வீட்டில் ஒரு நாளைக்கு அந்த அளவு சாதாரணமாகச் செலவாகும். கீசரில் இருக்கும் சூடேற்றும் காயில் ஒரு யூனிட் மின்சாரத்துக்கு ஒரு யூனிட் வெப்பம்தான் தரும். யூனிட் 30 சென்ட் என்றால் தினமும் மூன்று டாலருக்கு மேல். கேஸ் டேங்க்கிலோ எரியும் வெப்பத்தில் ஒரு பகுதி புகைப்போக்கி வழியாகவே போய்விடும். யாரும் வீட்டில் இல்லாத நாளிலும் சின்னச் சுடர் எரிந்துகொண்டே இருக்கும்.

ஹீட் பம்ப் வெப்பத்தை உண்டாக்குவதில்லை, வெளிக்காற்றில் இருப்பதை எடுத்துத் தண்ணீருக்குள் தள்ளுகிறது. ஃப்ரிட்ஜின் பின்பக்கம் கை வைத்தால் சூடாக இருக்குமே, அதே வேலைதான். அதனால் ஒரு யூனிட் மின்சாரத்தில் மூன்று, மூன்றரை யூனிட் வெப்பம் கிடைக்கும். மேலே சொன்ன பத்தரை யூனிட்டுக்கு மூன்று யூனிட், அதாவது ஒரு டாலர் அளவில் முடிந்துவிடும். "குளிர்காலத்தில் வேலை செய்யுமா?" என்று கேட்காதவர் இல்லை. மெல்பர்ன் குளிர் இதற்கு ஒரு பொருட்டே அல்ல. ஜப்பானில் 2001இலிருந்து கார்பன் டை ஆக்சைடை வெப்பம் கடத்தும் வாயுவாகக் கொண்ட ஹீட் பம்ப்கள் வீடுகளில் ஓடுகின்றன, அங்கே பனியே கொட்டும். குளிரில் திறன் கொஞ்சம் குறையும், சூடேற நேரம் பிடிக்கும், அவ்வளவுதான். பெட்டியில் அந்த வாயுவின் பெயர் ஆர்744 என்று இருந்தால் அது கார்பன் டை ஆக்சைடு, ஆர்290 என்றால் புரோப்பேன். குளிரையும் சுற்றுச்சூழலையும் வைத்துப் பார்த்தால் இரண்டுமே பழைய ஆர்134ஏ வாயுவை விட மேல்.

கூரையில் வைக்கும் சோலார் வாட்டர் ஹீட்டரும் ஒரு வழிதான். ஆனால் மேகம் மூடிய ஜூன், ஜூலையில் அதற்குத் துணைக்கு கேஸோ காயிலோ வேண்டும். கூரை இடத்தை சோலார் பேனலுக்கு விட்டுவிடுவது மேல் என்பது என் கட்சி.

இப்போது அந்த "இலவசம்". இங்கே சலுகை மூன்று வழியில் வருகிறது. சோலார், ஹீட் பம்ப் போன்றவற்றைப் பொருத்துவதற்கு மத்திய அரசின் திட்டத்தில் கிடைக்கும், விற்றுப் பணமாக்கக்கூடிய எஸ்டிசி சான்றிதழ்கள் ஒன்று. மாநில அரசின் எரிசக்திச் சேமிப்புத் திட்டமான விக்டோரியன் எனர்ஜி அப்கிரேட்ஸின் சான்றிதழ்கள் இன்னொன்று. இந்த இரண்டும் உங்கள் கைக்கு வராது. பொருத்தும் நிறுவனம் உங்களிடம் கையெழுத்து வாங்கிச் சான்றிதழ்களை எடுத்துக்கொண்டு விலையில் கழிக்கும். மூன்றாவது மாநில அரசு அமைப்பான சோலார் விக்டோரியா தரும் தள்ளுபடி, 1000 டாலர் வரை. உள்நாட்டில் தயாரான மாடலாக இருந்தால் 1400 வரை. இதற்கு வருமான வரம்பு உண்டு, பழைய அமைப்புக்கு மூன்று வயதாவது ஆகியிருக்க வேண்டும். முக்கியமாக, பொருத்துவதற்கு முன்பே விண்ணப்பித்துத் தகுதிக் கடிதம் வாங்கிவிட வேண்டும். பொருத்திவிட்டுப் போய் நின்றால் கிடைக்காது.

மூன்றையும் கூட்டினால் மலிவான மாடலின் விலை ஏறக்குறைய முழுவதும் கழிந்துவிடும். "இலவசம்" பிறப்பது அங்கேதான். பொருத்துபவருக்கு லாபம் சான்றிதழில் இருக்கிறது, உங்கள் டேங்க் எட்டு வருடம் உழைப்பதில் இல்லை. என் பக்கத்துத் தெருவில் ஒரு வீட்டில் அப்படிப் போட்ட பெட்டி ஒன்று இரண்டாம் குளிர்காலத்தில் நின்றுபோனது. பொருத்தியவர்களின் போனை எடுக்க ஆளில்லை. எனர்ஜி அப்கிரேட்ஸ் திட்டத்தின் பெயரைச் சொல்லிப் போனில் விற்பதையும் கதவைத் தட்டி விற்பதையும் 2024இல் அரசே தடை செய்துவிட்டது. ஆகவே இனி வாசலில் வந்து நிற்கிறவரிடம் பேச்சை வளர்க்க வேண்டாம். நல்ல மாடல் சலுகைக்கு முன் 4000இலிருந்து 7000 டாலர் வரை ஆகும், கழிவு போக வருவதைக் கையிலிருந்து போடத் தயங்காதீர்கள்.

பெட்டியை எங்கே வைப்பது என்பதில்தான் இங்கே நம் ஆட்கள் அதிகம் சறுக்குகிறார்கள். கம்ப்ரஸர் ஓடும்போது சத்தம் வரும். நல்லவை 37, 38 டெசிபலில் முணுமுணுக்கும், மலிவானவை 50ஐத் தொட்டு உறுமும். உங்கள் பழைய டேங்க் நின்ற இடம் பக்கத்து வீட்டுக்காரரின் படுக்கையறை ஜன்னலுக்கு நேர் எதிரே இருக்கலாம். பிளம்பருக்கு அதே இடத்தில் வைப்பது சுலபம், குழாய் ஏற்கெனவே அங்கே இருக்கிறது. ஆனால் அதிகாலை நாலு மணிக்கு அது ஓட ஆரம்பித்தால் உறவு கெடும், கவுன்சிலுக்குப் புகாரும் போகும். வீட்டுச் சத்தத்துக்கு இங்கே இரவு நேர விதி இருக்கிறது, ஹீட் பம்ப்பும் அதற்குள் அடக்கம். இரண்டு மீட்டர் குழாய் கூடுதலாக இழுத்தாலும் பரவாயில்லை, துணி உலர்த்தும் பக்கமோ கராஜ் சுவரோரமோ நகர்த்துங்கள். குளிர்ந்த காற்றை வெளியே ஊதுவதால் அடைத்த மூலையில் வைக்கக் கூடாது. ஓடும்போதெல்லாம் அடியில் தண்ணீர் சொட்டும், அதற்கும் வடிகால் வேண்டும்.

சத்தத்துக்குப் பாதி மருந்து டைமர். பகலில் பத்திலிருந்து மூன்று மணிக்குள் ஓடும்படி வைத்தால் இரவில் அமைதி, காற்றும் பகலில் சூடாக இருப்பதால் திறனும் கூடும். கூரையில் சோலார் பேனல் இருந்தால் அந்த மூன்று யூனிட்டும் உங்கள் சொந்தச் சரக்கு. மிச்ச மின்சாரத்தை விற்கலாமே என்று நினைக்காதீர்கள். விக்டோரியாவில் அதற்கு மின் நிறுவனம் தர வேண்டிய குறைந்தபட்ச விலை 2024-25இல் யூனிட்டுக்கு 3.3 சென்ட்டாக இருந்து, 2025-26இல் 0.04 சென்ட்டுக்கு வந்துவிட்டது. அதற்கு வெந்நீராகச் சேமிப்பது எவ்வளவோ மேல்.

டேங்க் அளவில் கஞ்சத்தனம் வேண்டாம். கேஸ் டேங்க் தீர்ந்தால் சீக்கிரமே சூடாகிவிடும், ஹீட் பம்ப் மறுபடி நிரம்ப மூன்று, நாலு மணி நேரம் எடுக்கும். இன்று நீங்கள் மூன்று பேர்தான். ஆனால் அப்பா அம்மா விசிட்டர் விசாவில் வந்து ஆறு மாதம் இருப்பார்கள், தீபாவளிக்கு வீடு நிறைய ஆள் தங்குவார்கள், எல்லோருக்கும் எண்ணெய்க் குளியல். 270 லிட்டருக்குக் குறையாமல் எடுங்கள். டேங்க்கில் 60 டிகிரி வைப்பதைச் செலவு என்று குறைக்கக் கூடாது, அதற்குக் கீழே லெஜியனெல்லா என்ற கிருமி வளர இடம் கிடைக்கும். பாத்ரூமுக்குப் போகும் தண்ணீரை 50 டிகிரிக்கு இறக்க தனி வால்வு வைப்பது இங்கே விதி. குழந்தை இருக்கும் வீட்டில் அது வேலை செய்கிறதா என்று கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

டேங்க் எனாமல் பூசியதா, ஸ்டெயின்லெஸ் ஸ்டீலா என்றும் கேளுங்கள். எனாமல் என்றால் உள்ளே ஒரு மெக்னீசியக் கம்பி இருக்கும். டேங்க்குக்குப் பதில் அது அரிபடும், ஐந்து வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். இங்கே பெரும்பாலோர் அப்படி ஒன்று இருப்பதையே மறந்துவிடுகிறார்கள். நல்லவேளை, மெல்பர்ன் தண்ணீர் மென்னீர். நம் ஊர் போர் தண்ணீர் கீசரில் கட்டும் உப்பு இங்கே கட்டாது.

ஒன்றை மட்டும் எதிர்பார்க்காதீர்கள்: ஹாட் வாட்டரை மாற்றியதும் கேஸ் பில் பூஜ்யமாகாது. அடுப்பும், அறைகளுக்குக் குழாய் வழியே சூடான காற்றை அனுப்பும் டக்டட் ஹீட்டிங்கும் கேஸில் இருக்கும்வரை தினசரி இணைப்புக் கட்டணம் ஓடும், வருடத்துக்கு 300 டாலர் அளவில். அடுத்து ஹீட்டிங்கை, குளிரோடு சூடும் தரும் ரிவர்ஸ் சைக்கிள் ஏசிக்கு மாற்றுங்கள், மெல்பர்ன் வீட்டில் கேஸை அதிகம் குடிப்பது அதுதான். அடுப்பு கடைசி. தோசைக்கல் இரும்பு என்பதால் அடி தட்டையாக இருந்தால் இண்டக்ஷனில் நன்றாகவே வேலை செய்யும், அம்மாவுக்குச் சொல்லி வையுங்கள்.

விலை கேட்கும்போது மூன்று பேரிடமாவது எழுத்தில் வாங்குங்கள். மாடல் எண், டெசிபல், டேங்க்குக்கும் கம்ப்ரஸருக்கும் வேலைக்கூலிக்கும் தனித்தனி வாரண்டி, பழைய டேங்க்கை எடுத்துப்போவது, கேஸ் குழாயை அடைப்பது, மின் இணைப்பு, எல்லாம் அந்தத் தாளில் இருக்க வேண்டும். வேலை முடிந்ததும் பிளம்பரின் சான்றிதழும் எலக்ட்ரீசியனின் பாதுகாப்புச் சான்றிதழும் தனித்தனியாக வரும், வாங்காமல் விடாதீர்கள். பழைய வீடு என்பதால் மின்பலகைக்குத் தனிச் செலவு வரலாம். அதைத் திறந்து ஒரு படம் எடுத்து அனுப்புங்கள், பழைய பீங்கான் ஃபியூஸா, புது பிரேக்கரா என்று பார்த்துச் சொல்கிறேன்.