ராணுவ உபரி வெடிமருந்தைக் கொண்டு ரைஃபிள் தோட்டாக்களை மறுபடி நிரப்பலாமா?

டெக்சாஸில் வசிக்கும் தாங்கள், கடையில் விற்கும் மருந்தின் பாதி விலைக்கு ராணுவ உபரி மருந்து கிடைக்கிறது, அதை .308 தோட்டாக்களில் நிரப்பலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். எந்தத் தோட்டாவுக்கு எந்த மருந்து எவ்வளவு எடை என்று சொல்லும் அச்சிட்ட கையேட்டை வைத்துக்கொண்டு, தராசில் நிறுத்து நிரப்புகிறவர் என்றே தங்களைக் கருதிப் பதில் எழுதுகிறேன். மருந்தின் லாட் (ஒரே தடவையில் தயாரித்த தொகுதி) எண்ணும், அந்த லாட்டுக்குரிய சோதனை விவரமும் எழுத்தில் கிடைக்காவிட்டால் வாங்க வேண்டாம்.

நான் ராணுவ வெடிபொருள் கிடங்கில் பணியாற்றி ஓய்வு பெற்று, ஏற்காட்டில் குடியிருப்பவன். ராணுவத்துக்கு மருந்து செய்யும் ஆலையில் ஒரு லாட்டுக்கும் அடுத்த லாட்டுக்கும் எரியும் வேகம் சற்று மாறும். தோட்டா ஆலையில் ஒவ்வொரு லாட்டையும் சுட்டுப் பார்த்து, வேகமும் அழுத்தமும் வரம்புக்குள் நிற்கும்படி நிரப்பும் எடையைக் கூட்டியோ குறைத்தோ கொள்வார்கள். கடைக்கு வரும் மருந்தையோ, எப்போது வாங்கினாலும் கையேட்டின் எடை பொருந்தும்படி கலந்து சரிசெய்து அனுப்புகிறார்கள். ஆகவே டப்பாவின் மேல் இருக்கும் மருந்து வகையின் எண்ணை மட்டும் நம்பிக் கையேட்டைத் திறப்பது ஆபத்து. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு, 20 மி.மீ. பீரங்கிக் குண்டுகளுக்கான உபரி மருந்து 4831 என்ற எண்ணில் அமெரிக்காவில் மலிவாக விற்பனைக்கு வந்தது. பின்னர் ஐஎம்ஆர் என்ற பெயரில் வெளிவந்த மருந்தும் அதே எண்ணைத் தாங்கியது, ஆனால் அது வேகமாக எரிவது. பழைய உபரி மருந்துக்குரிய எடையை இதற்குப் போட்டால் சேம்பரில் (தோட்டா அமரும் அறையில்) அழுத்தம் எல்லை மீறக்கூடும்.

அடுத்தது வயது. புகையற்ற மருந்தின் முக்கியப் பொருளான நைட்ரோசெல்லுலோஸ் சும்மா கிடக்கும்போதும் மெல்லச் சிதைந்துகொண்டே இருக்கும். அதில் பிறக்கும் நைட்ரஜன் ஆக்சைடுகளைப் பிடித்துவைக்கத்தான் டைஃபினைலமின் போன்ற நிலைப்படுத்திகளைச் சேர்க்கிறார்கள். நிலைப்படுத்தி தீர்ந்துவிட்டால் சிதைவே சிதைவை விரைவுபடுத்தும். மொத்தமாகக் குவிந்திருக்கும் மருந்து தானாகவே தீப்பற்றவும் கூடும். கிடங்கில் ஏபல் வெப்பச் சோதனை செய்வோம்: மருந்தைச் சூடாக்கி, மேலே தொங்கும் அயோடைடு தாளில் நிறம் எப்போது ஏறுகிறது என்று பார்ப்போம். அந்தத் தாளையே பார்த்துப் பழகிய எனக்கு, "ராணுவத்து மருந்து கெட்டே போகாது" என்று எவரேனும் சொன்னால் கோபம் வருகிறது.

இந்த மலையிலேயே நடந்ததைச் சொல்கிறேன். நாகலூர்ப் பக்கத்திலிருந்து காப்பித் தோட்டக்காரர் ஒருவர், உரிமம் பெற்ற நாட்டுத் துப்பாக்கி வைத்திருப்பவர், மாமனார் காலத்துத் தகர டப்பா ஒன்றை எடுத்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்தார். "அண்ணா, இது மிலிட்டரி மருந்து, புகையே வராதாம். கருமருந்துக்குப் பதிலாக எவ்வளவு போடலாம்?" என்று கேட்டார். உள்ளே சேமியா போல மெல்லிய பழுப்பு இழைகள் இருந்தன, பழைய .303 தோட்டாக்களிலிருந்து பிரித்தெடுத்த கார்டைட் என்ற புகையற்ற மருந்து அது. மூடியின் உட்புறம் துருவேறியிருந்தது. திறந்ததும் மூக்கை அறுக்கும் புளித்த நெடி வந்தது. சிதைவு முற்றிவிட்டதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

நல்ல நிலையில் இருந்திருந்தாலும் நான் ஒரு சிட்டிகை கூட அனுமதித்திருக்க மாட்டேன். அவருடைய துப்பாக்கிக் குழாய் கருமருந்தின் குறைந்த அழுத்தத்துக்கென்று செய்தது. புகையற்ற மருந்தோ அழுத்தம் ஏற ஏற இன்னும் வேகமாக எரிந்து, குழாயைப் பிளந்து, பிடித்திருப்பவரின் கையையும் முகத்தையும் கொண்டுபோய்விடும். அவருக்கு மனம் வரவில்லை. காட்டெருமையும் பன்றியும் தோட்டத்தை அழிக்கும்போது கையிலிருக்கும் மருந்தை விடச் சொல்கிறேனே என்று வருந்தினார். கடைசியில் ஒப்புக்கொண்டார். காவல் துறைக்குத் தகவல் கொடுத்து, அவர்கள் வந்து எடுத்துச் செல்லும் வரை டப்பாவை வீட்டுக்கு வெளியே நிழலில், ஆளும் நெருப்பும் அண்டாமல் வைத்திருந்தோம். தானாக முன்வந்து ஒப்படைத்தவரைக் குற்றவாளி போல நெடுநேரம் நிறுத்தி விசாரித்ததுதான் எனக்கு இன்றும் ஆறவில்லை. இப்படி நடத்தினால் பரணில் கிடக்கும் மற்ற டப்பாக்கள் எப்படி வெளியே வரும்?

அமெரிக்க மருந்து விற்பனை நிறுவனமான ஹாட்ஜ்டனே போர் உபரி மருந்தை விற்றுத்தானே வளர்ந்தது என்று சிலர் எதிர்க்கேள்வி எழுப்பலாம். உண்மைதான். ஆனால் அன்று அந்த மருந்து புதியது, ஒரே வகையாகப் பெருமளவில் கிடைத்தது, அதற்கெனச் சோதித்த எடை விவரமும் பரவலாக இருந்தது. கை மாறிக் கை மாறி, எந்தக் கொட்டகையின் வெயிலில் எத்தனை கோடை கிடந்தது என்று தெரியாமல் இன்று வரும் டப்பாவுக்கு இவற்றில் எதுவும் பொருந்தாது. இந்தியாவிலிருந்து படிப்பவர்கள், உரிமமின்றித் தோட்டா தயாரிப்பது 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி குற்றம் என்பதை நினைவில் கொள்ளுங்கள்.

தாங்கள் ஏற்கெனவே வாங்கியிருந்தால், அதை வேறு டப்பாவில் கொட்டாதீர்கள், வேறு மருந்துடன் கலக்காதீர்கள். புளித்த நெடியோ, செம்பழுப்புத் தூளோ, துருவோ தென்பட்டால் வீட்டுக்குள் வைக்காமல், உள்ளூர்த் தீயணைப்புத் துறையை அழைத்து ஒப்படைத்துவிடுங்கள்.